அடையாள எண்களை ஹாஷ் செய்து புளூம் ஃபில்டரில் போட்டுவிட்டால் சென்சார் வலையமைப்பில் தரவு பாதுகாப்பாகிவிடுமா?

ஆகாது. நீங்கள் கடைசி வருடப் ப்ராஜெக்ட் செய்பவர் என்று நினைக்கிறேன். வைவாவில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஹாஷ் என்பது ஒரு எண்ணை அரைத்து வேறொரு எண்ணாகத் தரும் ஒருவழிக் கணக்கு. புளூம் ஃபில்டர் என்பது 0, 1 பிட்டுகளின் வரிசை: ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஹாஷ்கள் காட்டும் இடங்களை 1 ஆக்கிவிட்டு, 'இந்த எண் உள்ளே இருக்கிறதா' என்று பிறகு கேட்கலாம். 1970-இல் பர்ட்டன் புளூம் இதைக் கொண்டுவந்தது இடத்தை மிச்சம் பிடிக்க. ரகசியம் காக்க அல்ல. பேட்டரியில் ஓடும் நோடுக்கு, அதாவது வலையமைப்பிலுள்ள சின்ன சென்சார் கருவிக்கு, ரேடியோவில் அனுப்புவதுதான் பெரிய செலவு. 1000 அடையாளங்களைச் சுமார் 1.2 கிலோபைட்டில் அடக்கலாம், உள்ளே இல்லாத எண்ணைக் கேட்டால் 1% தவறான 'ஆம்' வரும், அவ்வளவுதான். வழியிலுள்ள நோடுகள் தமக்கு வந்த ஃபில்டர்களின் பிட்டுகளை ஒன்றாக்கி (எதிலாவது 1 இருந்தால் 1) அனுப்பினால் போதும். நான் புளூம் ஃபில்டருக்கு எதிரி இல்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊழியர் அட்டைகளை வாசல்தோறும் படித்து, எங்கே எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணும் சிஸ்டம் போட்டார்கள். "பேரும் போகல, நம்பரும் போகல, ஹாஷ்தானே போகுது" என்றார் மேலாளர். அட்டை எண்ணோ ஐந்து இலக்கம். மீட்டிங்கிலேயே 00000 முதல் 99999 வரை ஒவ்வொரு எண்ணாக ஒரு வாசலின் ஃபில்டரிடம் கேட்கும் சின்ன பைத்தான் நிரலை ஓட்டினேன். சில நொடிகளில் பட்டியல் வந்தது. நடுவில் கலந்திருந்த பொய் 'ஆம்'களில் பெரும்பாலானவை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டதும் உதிர்ந்துவிட்டன. அது யூனியன் அறைப் பக்கத்து வாசல். யார் யார் அங்கே போனார்கள் என்பது திரையில் வரிசையாக நின்றது. அந்த டிசைனை மாற்ற வைத்ததில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மாற்றியது இதுதான்: வெறும் ஹாஷுக்குப் பதில் ரகசியச் சாவியோடு ஹெச்மேக், அதாவது சாவி தெரியாதவரால் கணக்கிட முடியாத ஹாஷ். நோடைத் திருடினால் சாவியும் போகுமே என்பீர்கள். உண்மைதான். அதனால் தினமும் சாவியை ஒருவழி ஹாஷில் போட்டு அடுத்த நாள் சாவியை எடுத்துக்கொண்டு, பழையதை அழித்தோம். திருடியவனால் பழைய நாட்களைத் திறக்க முடியாது. அப்புறம், கெட்டுப்போன ஒரு நோடு எல்லா பிட்டையும் 1 ஆக்கி அனுப்பினால் மொத்தக் கணக்கும் பாழ். ஒன்றாக்கிய பிறகு பிரிக்கவும் வழியில்லை. ஆகவே கலப்பதற்கு முன்பே ஒவ்வொரு நோடும் தன் சாவியால் போட்ட முத்திரையையும் சரிபார்த்து, பாதிக்கு மேல் பிட் நிரம்பிய ஃபில்டரைத் தள்ளிவிட வேண்டும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 'செக்யூர் லைட்வெயிட்' என்று ஆரம்பிக்கும் டைட்டிலையும் நிரல் கோடையும் சேர்த்து விற்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். என் தம்பி பணம் கட்டி வாங்கிய கோடில் சாவி என்ற பேச்சே இல்லை. ரிப்போர்ட்டில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் 'செக்யூர்'. வீட்டில் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. நீங்களும் அப்படி வாங்கியிருந்தால், கோடைத் திறந்து சாவி எங்கே உருவாகிறது என்று முதலில் தேடுங்கள்.