பொறியியல் பயிற்சிக்கு எது முக்கியம்: ஜீபிஏயா, வேலை அனுபவமா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பலருக்கும் உள்ள கேள்வி இது: "ஜீபிஏ கொஞ்சம் குறைவு, ஆனால் வேலை செய்த அனுபவம் இருக்கு. இண்டர்ன்ஷிப் கிடைக்குமா?" கிடைக்கலாம்.

இண்டர்ன்ஷிப் என்றால் படிப்பு முடியும் முன் சில மாதங்கள் ஒரு நிறுவனத்தில் நின்று வேலை பழகுவது. ஜீபிஏ என்பது பாடப் புள்ளிகளின் சராசரி, பெரும்பாலும் 4க்கு.

விண்ணப்பங்கள் குவியும்போது எதை முதலில் படிப்பது என்று முடிவெடுக்க நிறுவனத்துக்கு ஜீபிஏ உதவுகிறது. சில இடங்களில் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே மாட்டார்கள். அதைத் தாண்டியதும் கேள்வி மாறும்: பழுதான ஒரு மெசினுக்கு முன்னால் விட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்?

விதைநெல் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். முளைதிறன் குறைந்த நெல்லைத் தொடமாட்டோம். சரி, முளைதிறன் நல்லது. அப்புறம்? போன காலபோகத்தில் பக்கத்து வயலில் எப்படி விளைந்தது என்றுதானே விசாரிப்போம்.

அதனால் "கராஜில் வேலை செய்தேன்" என்று ஒரு வரியோடு விடாதீர்கள். தண்ணிப் பம்ப் ஏன் சூடாகி நின்றது, காரணத்தை எப்படிப் பிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் பேச்சு ஓடுவது அங்கேதான்.

கொழும்புக் கம்பனிக் கடிதம் இருந்தால்தான் அனுபவம் என்று பலர் நினைக்கிறார்கள். மாமாவின் லாண்ட்மாஸ்டர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியதை விளங்கப்படுத்த முடிந்தால், அதுவும் அனுபவம்தான்.