வாசகர் கேள்வி பதில்: மேடைக்கு ஒளி அமைத்தல்

எங்கள் கல்லூரி நாடக மன்றத்தில் ஆறு எல்இடி பார் (PAR) வகை விளக்குகளும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும் உள்ளன. ஆண்டு விழா நாடகத்துக்கு ஒளியமைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எதிலிருந்து கற்கத் தொடங்க வேண்டும்?
(கல்லூரி மாணவி, திருச்சி)

பலகையை இன்னும் சில நாள் பெட்டியிலேயே இருக்க விடுங்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கற்க வேண்டும். அளவு அடுத்தது, நிறம் கடைசி. இருட்டறை ஒன்றில் தோழியை நாற்காலியில் அமர வைத்து, ஒரே ஒரு மேசை விளக்கை அவர் முகத்துக்கு நேர் எதிரே, பக்கவாட்டில், உச்சந்தலைக்கு மேலே, காலடியில், முதுகுப் பக்கம் என்று இடம் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, கண்குழிக்குள் வெளிச்சம் புகுகிறதா, தோளின் விளிம்பு பின்சுவரிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே வைத்த விளக்கு முகத்தைத் தட்டையாக்கிவிடும். உச்சியில் வைத்தது கண்களை மறைத்துவிடும். முதுகுப் பக்கம் வைத்தது முகத்தைக் காட்டாவிட்டாலும் ஆளைப் பின்திரையிலிருந்து முன்னே கொண்டுவரும். மேடையில் தொங்கும் ஐம்பது விளக்குகளும் இந்த ஐந்தாறு திசைகளின் சேர்க்கைதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பைப் பாடமாகக் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932இல் வெளியிட்ட முறை இன்றும் தொடக்கப் பாடமாக இருக்கிறது. மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் முன்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு விளக்குகளை 45 பாகைக் கோணத்தில் அமைத்து, ஒன்றை இளஞ்சூடான (மஞ்சள் சாயல்) நிறத்திலும் மற்றதைக் குளிர்ந்த (நீலச் சாயல்) நிறத்திலும் வைப்பது அவர் முறை. 24 அடி அகலமும் 16 அடி ஆழமும் உள்ள மேடையை எட்டடிச் சதுரங்களாகப் பிரித்தால் ஆறு பகுதிகள், பன்னிரண்டு விளக்குகள். உங்களிடம் இருப்பது அதில் பாதி. எனவே நாடகத்தை எடுத்துக்கொண்டு, எந்தக் காட்சி மேடையின் எந்த மூலையில் நடக்கிறது என்று ஒத்திகையில் அமர்ந்து குறித்து, மூன்று பகுதிகளை மட்டும் ஒழுங்காக ஒளியூட்டுங்கள். மற்ற இடங்களில் நிற்க வேண்டாம் என்று இயக்குநரிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். விளக்கு குறைவாக இருக்கும் நாடகங்களில் ஒளியமைப்பாளர் ஒத்திகைக்குப் போகாமல் விழா நாளன்று மட்டும் வந்து நிற்பதைத்தான் பெரிய குறையாக நான் நினைக்கிறேன்.

45 பாகை என்பதை அளப்பது எளிது. விளக்கு நடிகரின் முகத்தைவிடப் பத்தடி உயரத்தில் இருந்தால், அவரிடமிருந்து முன்புறமாகப் பத்தடி தள்ளித் தொங்க வேண்டும். நம் அரங்குகள் பலவற்றில் முன்விளக்குகளை மாடத்தின் கைப்பிடிச் சுவரில் கட்டிவிடுவதால், ஒளி ஏறக்குறையக் கிடையாக வந்து, நடிகரின் நிழல் பின்திரையில் இன்னொரு பாத்திரம்போல் நடமாடுகிறது. தொலைவும் கவனிக்க வேண்டிய ஒன்று: பத்தடியில் கிடைக்கும் வெளிச்சம் இருபதடியில் பாதியாகாது, காற்பங்காகக் குறைந்துவிடும்.

பரதநாட்டிய நிகழ்ச்சிகளில் முன்னாலிருந்து எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் நடனம் உயிரற்றுத் தெரிகிறது. என் மாணவிகளின் அரங்கேற்றத்துக்கு என்ன செய்யலாம்?
(நடன ஆசிரியை, மதுரை)

முன்வெளிச்சத்தைக் குறைத்துப் பக்கவெளிச்சத்தைக் கூட்டுங்கள். நடனத்தில் பார்வையாளர் பார்ப்பது உடலின் கனத்தையும் கோட்டையும்; அரைமண்டியின் மடிப்பு, நீட்டிய கையின் வளைவு, முதுகின் நேர்மை ஆகியவை பக்கத்திலிருந்து ஒளி படும்போதுதான் திரட்சியாகத் தெரியும். அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் குழுவுக்குப் பல்லாண்டுகள் ஒளியமைத்த ஜீன் ரோசென்தல் இவ்வகைப் பக்கவெளிச்சத்தை நடன மேடையின் அடிப்படையாகவே நிலைநிறுத்தினார். மேடையின் இருபுறத் திரைகளுக்கு இடையே செங்குத்துக் கம்பம் நட்டு, கணுக்கால், இடுப்பு, தலைக்கு மேல் என மூன்று உயரங்களில் விளக்குகளைப் பொருத்துவது வழக்கம். கணுக்கால் உயரத்து விளக்கைத் தரையில் படாதபடி வெட்டிவிட்டால், ஒளி ஆடுபவரின் மேல் மட்டும் தங்கும்.

ஆனால் மேற்கத்திய நடன மேடையில் இல்லாத இரண்டு சிக்கல்கள் உங்களுக்கு உண்டு. முதலாவது அபிநயம். ஜதிக்குப் பக்கவெளிச்சம் போதும். பதத்துக்கும் வர்ணத்தின் சாகித்தியப் பகுதிக்கும் கண்ணும் புருவமும் தெரிந்தாக வேண்டும். ஆகவே மிதமான முன்வெளிச்சத்தை எப்போதும் வைத்துக்கொண்டு, ஜதிக்கு ஆடும் நிருத்தப் பகுதியில் அதைச் சற்று இறக்கி, அபிநயப் பகுதியில் ஏற்றுங்கள். ஏற்றமும் இறக்கமும் ஐந்தாறு விநாடிகளில் மெல்ல நிகழட்டும். இரண்டாவது, மேடையின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருக்கும் நட்டுவனாரும் பாடகரும் பக்கவாத்தியக் கலைஞர்களும். அந்தப் பக்கத்துக் கீழ்விளக்கு அவர்கள் முதுகிலேயே நின்றுவிடும். அங்கே மட்டும் விளக்கை உயர்த்தி வைத்து, மறுபக்கத்துக் கீழ்விளக்கு அவர்கள் கண்ணைக் கூசாதபடி தகட்டால் மறையுங்கள். நட்டுவனாரால் ஆடுபவரின் காலைப் பார்க்க முடியாமல் போனால், எவ்வளவு அழகான ஒளியமைப்பாலும் பயனில்லை.

பட்டின் நிறத்தையும் முன்பே கேட்டுவையுங்கள். அரக்குப் பட்டின் மேல் பச்சையோ அடர்நீலமோ பட்டால் அது கறுத்துவிடும், ஏனெனில் அந்தத் துணி திருப்பி அனுப்பக்கூடிய சிவப்பு அந்த ஒளியில் இல்லை.

வீரத்துக்குச் சிவப்பு, சோகத்துக்கு நீலம் என்பதுபோல எந்த உணர்வுக்கு எந்த நிறம் என்று பட்டியல் உண்டா?
(வாசகர், கும்பகோணம்)

பட்டியல் வேண்டுமானால் நாட்டிய சாத்திரத்திலேயே இருக்கிறது: ரௌத்திரத்துக்குச் சிவப்பு, ஹாஸ்யத்துக்கு வெண்மை, அற்புதத்துக்கு மஞ்சள், கருணைக்குப் புறாவின் சாம்பல் நிறம். ஆனால் மின்விளக்குக்காக எழுதப்பட்டதன்று அது. கோபம் வந்ததும் மேடை முழுவதும் சிவப்பாகும் காட்சியைப் பார்க்கும்போது, நடிகரை நம்பாமல் விளக்கை நம்பியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா நிறமும் கிடைக்கும் எல்இடி விளக்குகள் வந்த பிறகு இந்தப் பழக்கம் மிகுந்துவிட்டது. வெளிர்நிறங்களில் தொடங்குங்கள்: பகலுக்கு மெல்லிய வைக்கோல் மஞ்சள், இரவுக்கு வெளிறிய எஃகு நீலம். இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே முகத்தில் விழும்போது, நிறம் போட்டது தெரியாமலே நேரம் தெரியும்.

ஆலஜன் விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தால் அது தானாகவே மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கனியும். எல்இடி அப்படிக் கனியாது, நிறம் மாறாமல் மங்கும், மலிவான கருவிகளில் கடைசிச் சில படிகளில் துள்ளி அணையும். அதனால் காட்சியின் முடிவில் மெல்ல இருளாக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு பழைய ஆலஜன் விளக்காவது வைத்திருப்பவர் பாக்கியசாலி.

தெருக்கூத்தை அரங்கத்துக்குள் நிகழ்த்தும்போது நவீன ஒளியமைப்பு பொருந்துமா?
(கூத்து ஆர்வலர், விழுப்புரம்)

பொருந்தும், பார்வையாளர் பகுதியை முழுதாக இருட்டாக்காத வரையில். தீவட்டியிலும் பிறகு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் விடிய விடிய நடந்த கூத்தில், ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே ஒளியில் இருந்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்வரிசைக்காரரைப் பார்த்துக் கேலி பேசினான். அவன் இருட்டைப் பார்த்துப் பேச நேர்ந்தால் அந்த உறவு அறுந்துவிடும். முகத்தின் அடர்ந்த வண்ணப் பூச்சும் தலைக் கிரீடத்திலும் புஜக்கட்டைகளிலும் பதித்த கண்ணாடித் துண்டுகளும் தாழ்வான, மஞ்சள் கலந்த, ஓரளவு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஏற்றவை. குழல் விளக்கின் வெண்மையில் அவை வெளுத்துப்போகின்றன. நிறம் மாற்றும் வேலையை இங்கே முற்றிலும் விட்டுவிடலாம்.

ஆர். எஸ். மனோகரின் நாடகங்களில் தந்திரக் காட்சிகளைக் கண்டு வியந்த தலைமுறை நாங்கள். அவ்வகை வித்தைகளை இன்று யார் கற்பிக்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்)

அவ்வகை வித்தை தனிப் பாடமாகக் கிடைப்பதில்லை. ஒளியின் அடிப்படையைக் கற்றவர் தேவையின்போது கண்டுபிடிப்பதே அது. இந்திய மேடையில் இதற்குச் சிறந்த சான்று வங்காளத்தின் ஒளியமைப்பாளர் தாபஸ் சென். உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகம் 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில் நடந்தபோது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, சிக்கிய தொழிலாளர்களை மூழ்கடிக்கும் இறுதிக் காட்சியை அவர் ஒளியாலேயே உண்டாக்கினார். மேடையில் நீர் கிடையாது. ஏறிவரும் நீர்மட்டத்தை வெளிச்சமும் நிழலும் சேர்ந்து காட்டின. அந்தக் காலத்தில் கணினிப் பலகையும் இல்லை, தானாக அசையும் விளக்கும் இல்லை. அந்த வித்தை பேசப்பட்டதற்குக் காரணம், நாடகம் முழுவதும் காத்துவைத்த ஆபத்து அந்த ஒரு காட்சியில் வந்து சேர்ந்தது என்பதுதான். காட்சிக்குக் காட்சி வித்தை காட்டியிருந்தால் அது கைதட்டலோடு முடிந்திருக்கும்.

இதைப் படிக்கக் கல்லூரிகள் உண்டா? பொறியியல் பட்டம் தேவையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பொறியியல் பட்டம் தேவையில்லை. தில்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் ஒளியமைப்பும் அடங்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலுள்ள நிகழ்கலைப் பள்ளியில் நாடகத்தை முதுகலைப் பாடமாகப் படிக்கலாம். இருந்தாலும், அனுபவமுள்ள ஒளியமைப்பாளர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஏணி பிடித்து, கம்பி சுற்றி, அவர் விளக்கைத் திருப்பும்போது மேடையில் நடிகர் இடத்தில் நின்று பழகுவதுதான் விரைவான வழி என்று கருதுகிறேன். நிற்பவர்தான், எந்த விளக்கின் மிகப் பிரகாசமான மையம் முகத்தில் விழுகிறது என்பதை முதலில் அறிகிறார். வீட்டில் பலகைப் பயிற்சி பெற விரும்பினால், கியூஎல்சி பிளஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பலகையின் கட்டளைகளை விளக்குகளுக்குக் கொண்டுசெல்லும் டிஎம்எக்ஸ் இணைப்பு ஒன்றில் 512 தடங்கள் உண்டு என்பதையும், ஒவ்வொரு விளக்குக்கும் தொடக்க எண் தருவது எப்படி என்பதையும் அதிலேயே பழகிக்கொள்ளலாம்.

நாங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தில் 15 ஆம்பியர் பிளக் பாயிண்டுகள் மட்டுமே உள்ளன. எத்தனை விளக்குகளைப் போடலாம்?
(நாடகக் குழு, தூத்துக்குடி)

230 வோல்ட்டை 15 ஆம்பியரால் பெருக்கினால் 3,450 வாட். ஆகவே 1,000 வாட் ஆலஜன் பார் விளக்குகள் ஒரு பாயிண்டுக்கு மூன்றுக்கு மேல் கூடாது. நிகழ்ச்சி நெடுநேரம் நீளுமானால் இரண்டோடு நிறுத்துவது நல்லது. அடுத்தடுத்த பாயிண்டுகள் வெவ்வேறு ஃபேஸில் இருக்கலாம்; அவற்றுக்கிடையே 400 வோல்ட் இருக்கும் என்பதால், ஒரே கம்பத்து விளக்குகளுக்கு இரண்டு ஃபேஸ்களிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று மண்டபத்து மின்பணியாளரை அழைத்துச் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியைத் தவிர ஒரு எஃகுக் கம்பிக் கயிறும் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆலஜன் குமிழை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகி, அது நிகழ்ச்சியின் நடுவில் வெடிக்கக்கூடும்.