ஆலோசனையைத் தேடுவதே பதற்றத்தைக் கூட்டுமா?

கேள்வி: கொரோனா காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. புதிய வைரஸ் என்று எங்காவது செய்தி வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. உடம்பு சுடுகிறதா என்று தெர்மாமீட்டரில் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். மனதைத் தேற்ற இணையத்தில் மனநல ஆலோசனைகளைப் படித்தால் பயம் இன்னும் கூடுகிறது. சொல்வதில் எதையும் செய்யவும் முடியவில்லை. மாத்திரை எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் ஒன்று. இது உங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வும் உலக அளவில் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது.

நீங்கள் தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் ஆலோசனை தேடுவதும் வேறு வேறு என்று நினைக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. பார்த்ததும் ஒரு நிம்மதி வரும்; ஐந்து நிமிடம்கூட நிற்காது. ஆனால் 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகப் பார்க்கச் சொல்லும். பதினொன்றாவது கட்டுரையைத் திறக்க வைப்பதும் இதுதான்.

அதனால் இணையத்தில் படித்த ஆலோசனைப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். (அந்தக் காலத்தில் நானும் இப்படிப் பட்டியல் எழுதியவன்தான். தியானம், டைரி, உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே நாளில் யார் செய்ய முடியும் என்று அப்போது யோசிக்கவில்லை.) 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் எனக்கு இன்றும் உருப்படியாகத் தோன்றுவது, தொற்றுச் செய்தியை நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள் என்பது. நம்பகமான ஒரே இடத்தில் பாருங்கள். படுக்கையில் வேண்டாம். மனநலக் கட்டுரைகளுக்கும் இதே கணக்குத்தான்.

தெர்மாமீட்டரை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். காய்ச்சலோ இருமலோ இல்லாதபோது அது தேவையில்லை. 'ஒரு தடவை பார்த்துவிடலாமே' என்ற உந்துதல் வரும்போது அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் எதுவும் செய்யாவிட்டாலும் பதற்றம் ஏறி, தானாகவே இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். பயத்தை விரட்ட வேண்டியதில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், கவனம் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்பினால் போதும்.

அப்புறம், மாத்திரை. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் தூக்கமோ வேலையோ கெடுகிறது என்றால் மருத்துவரை நேரில் பாருங்கள். உங்களுக்கு இது நாள்பட்ட பழக்கம், அதனால் தள்ளிப்போடாமல் போவதே நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும், அதையும் பார்க்கச் சொல்வார். பலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். மருந்து தேவைப்பட்டால், பதற்றத்துக்கு முதலில் தரப்படும் மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் இதில் எதற்கும் காத்திருக்காமல், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி அவருடன் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.