கிட்டப் போய் எய்யுங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மர வில் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துத்தான் எனக்கு ஆசை வந்தது. கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில் இருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். லண்டனில் இருக்கும் அத்தான் ஊருக்கு வந்தபோது ஒரு இங்கிலீஷ் லாங்போ கொண்டுவந்து கொடுத்தார். ஆறடி நீளம், ஹிக்கரி மரம் ஒட்டிய வில், இழுக்கும் பலம் 50 பவுண்டு. அம்பு கொண்டுவரவில்லை. காரைக்குடியில் சக்கரம் வைத்த கம்பவுண்டு வில் பழகும் நண்பன் தன்னிடம் மிச்சமிருந்த கார்பன் அம்புகளைக் கொடுத்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குப் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை, ஆனால் பிடிக்கவில்லை. 20 மீட்டரில் சாக்கு மூட்டை வைத்து எய்கிறேன். பத்தில் மூன்று பட்டால் அதிகம், மிச்சம் எல்லாம் இடப்பக்கம் ஓடுகின்றன. நாண் அடித்து இடது கை கன்றிப்போயிருக்கிறது. நண்பன் 50 மீட்டரில் நின்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறான். ‘உன்னோடதைக் கண்ணாடி அலமாரியில வை’ என்கிறான். அப்பத்தா, ‘எதுக்குடா இது, நரி விரட்டவா?’ என்று கேட்கிறார்கள். பேசாமல் விற்றுவிட்டு நானும் குறிபார்க்கும் கருவி வைத்த வில்லாக வாங்கிவிடலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் வீட்டில் முகப்பில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியும். வெயில் நேரத்தில் உள்ளேயே எய்யலாமா? அப்புறம், மேல்மாடியில் பழைய பர்மாத் தேக்குச் சட்டங்கள் சும்மா கிடக்கின்றன. அதில் ஆசாரியை வைத்து ஒரு வில் செய்யலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கானாடுகாத்தான்

*

அன்புள்ள தம்பி,

விற்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினையாக எனக்குத் தெரியவில்லை. வில்லும் அம்பும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, வில் உங்கள் கைக்கும் ஒத்துவரவில்லை. இப்படி ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு ஆசை வரும்?

முதலில் அம்பு. நீங்கள் வலக்கையால் இழுப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன், இடது கைதானே கன்றியிருக்கிறது. நண்பரின் வில்லில் நடுப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கும், அம்பு கிட்டத்தட்ட நாணுக்கு நேராகவே கிளம்பும். உங்கள் வில்லில் அந்த வெட்டு கிடையாது. அம்பு உங்கள் விரல் கணுவின்மேல் உட்கார்ந்து, வில்லின் பக்கவாட்டை ஒட்டிச் சாய்ந்து நிற்கிறது. நாணை விட்டதும் அது பாம்பு மாதிரி நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போனால்தான் நேராகப் போகும். 1930களில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து இதைக் காட்டினார்கள். நெளிவு சரியாக அமைய, வில்லின் பலத்துக்குத் தக்கபடி அம்பு வளைந்துகொடுக்க வேண்டும். நண்பர் கொடுத்த கார்பன் அம்பு அவருடைய வில்லுக்கான விறைப்பு. உங்கள் வில்லில் அது நெளிய மாட்டேன் என்கிறது, இடப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் பிளாஸ்டிக் இறகு வேறு இருக்கும். அது வில்லிலும் கையிலும் இடித்துத் திரும்பும், நிஜ இறகென்றால் மடிந்து கொடுத்துவிட்டுப் போகும். அதனால் இடப்பக்கம் போனதையெல்லாம் உங்கள் கணக்கில் எழுத வேண்டாம். இறகு கட்டிய மர அம்பு அரை டஜன், எல்லாம் ஒரே எடை, ஒரே விறைப்பில் வாங்குங்கள்.

அடுத்தது பலம். 50 பவுண்டு என்பது வழக்கமாக 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள கணக்கு. நீங்கள் 26 அங்குலம்தான் இழுக்கிறீர்கள் என்றாலும் 45 பவுண்டு பக்கம் வரும். மாமிசம் தின்று வளர்ந்த இங்கிலாந்துக்காரனுக்குத்தான் 50 பவுண்டு, நமக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இது பழக்கத்தில் வருவது. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை 100 பவுண்டைத் தாண்டியவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வில்லை இழுத்தவர்கள் சிறு வயதிலிருந்தே, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வில் என்று ஏறி வந்தவர்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக 50 பவுண்டை இழுக்கிறீர்கள். பாரம் தாங்காமல் தோள் மேலே ஏறும், முழங்கை உள்பக்கம் திரும்பும், நாண் வந்து அங்கே அடிக்கும். கைக்காப்பு கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் காப்பு கட்டிவிட்டோம் என்று அதே பலத்தில் தொடர வேண்டாம். நாண் ஏற்றிய வில்லில், கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஆறு அங்குலமாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். குறைந்தால் நாணை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். அதுவும் கை அடிபட ஒரு காரணம்.

லாங்போவைக் கொஞ்ச நாள் நாண் கழற்றி ஓரமாக வையுங்கள். மூங்கில் வில் ஒன்று, 30 பவுண்டுக்குள், வாங்குங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று ஒரு பிரிவே மூங்கில் வில்லுக்காக இருக்கிறது, 30 மீட்டரும் 50 மீட்டரும் எய்வார்கள். அதனால் இப்படி வில் தேடினால் கிடைக்கும், விலையும் இறக்குமதி வில்லைப் போல் மிரட்டாது. அது கைக்குப் பழகிய பிறகு அத்தான் கொடுத்ததை எடுக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 20 மீட்டர் வேண்டாம், ஐந்து மீட்டருக்கு வாருங்கள். சிரிக்க வேண்டாம். சாக்கில் புள்ளி, வட்டம் எதுவும் வரையாதீர்கள். வெறும் சாக்கு. மூன்று ஆள் படுக்கும் நீளத்தில் நின்றுகொண்டு அம்பு விடுவது முதலில் அவமானமாகத்தான் இருக்கும். அங்கே தவறவிட வழியில்லை. அதனால் பட்டதா படவில்லையா என்ற விசாரம் போய்விடும். அப்போதுதான் மிச்சமெல்லாம் தெரியவரும். இழுக்க இழுக்க வில் கனப்பது, தோள்பட்டைகள் முதுகில் நெருங்குவது, நடுவிரல் வாயோரத்தைத் தொடும் அந்த இடம், விட்ட பிறகு இடது கையில் ஒரு சின்ன அதிர்வு. நன்றாக விட்ட அம்புக்கும் உதறி விட்ட அம்புக்கும் நாணின் சத்தமே வேறு. 20 மீட்டரில் உங்கள் காதில் இது விழாது, ஏனென்றால் கண் அதற்குள் அம்பின் பின்னால் ஓடிவிட்டது.

நண்பரின் வில்லோடு ஒப்பிடுவதும் இங்கேதான் இடறுகிறது. கம்பவுண்டு வில்லுக்கு ஆலன் என்ற அமெரிக்கர் காப்புரிமை கேட்டது 1966இல். அதன் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரங்களின் வேலை என்ன தெரியுமா? முழுக்க இழுத்த பிறகு பாரத்தில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்வது. 50 பவுண்டு வில்லில் அவர் நின்று பிடிப்பது 10, 15 பவுண்டுதான். அதனால் நிதானமாகக் குறிபார்க்க அவருக்கு நேரம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை. உங்கள் வில் முழு இழுப்பில்தான் முழுப் பாரம் காட்டும், ஒன்றிரண்டு நொடிக்கு மேல் பிடித்தால் உங்களுக்கும் நல்லதில்லை, மரத்துக்கும் நல்லதில்லை. அதற்குள் முடிய வேண்டும். எனக்கு இந்த வில் பிடித்துப்போனதே இந்த அவசரத்தால்தான். யோசிக்க இடமில்லை. பார்த்தோம், இழுத்தோம், போய்விட்டது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்து ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திருத்துகிற வேலை செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று நீங்களே பாருங்கள்.

வில் என்றதும் நம் எல்லாருக்கும் மனசில் ஓடுவது வல்வில் ஓரியின் அம்புதான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் உடும்பில் தைக்கிறது. அருமையான பாட்டு. ஆனால் அதை நினைத்துக்கொண்டு சாக்கு மூட்டைக்கு முன்னால் நின்றால் முதல் அம்பிலேயே ஏமாற்றம்தான். எனக்கு உதவுவது நம் பக்கத்து மகர்நோன்பு. விஜயதசமியன்று சாமி குதிரையில் பொட்டலுக்குப் போய் அம்பு போடும் காட்சியை நீங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருப்பீர்கள். சாமிக்காக அர்ச்சகர்தான் எய்வார். அம்பு எங்கே பட்டது என்று யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? போட்டாகிவிட்டது, கொட்டு அடிக்கிறது, அவ்வளவுதான். சிவகங்கைச் சீமைக்காரனுக்கு வளரிதானே ஆயுதம், வெள்ளைக்காரன் வில் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வருசா வருசம் அம்பு போடும் ஊரில் வில் அந்நியமா?

ஐந்து மீட்டரில் சலிப்புத் தட்டும்போது எட்டுக்குப் போங்கள், அப்புறம் பத்து. எப்போது தள்ளிப்போவது என்பதற்கு என் கணக்கு இது: அம்பு விட்ட பிறகும் இடது கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அம்பைப் பார்க்கும் ஆவலில் கை கீழே விழுகிற வரைக்கும் அதே தூரம்தான்.

வீட்டுக்குள் எய்யும் யோசனை. வேண்டவே வேண்டாம். அந்த நேர்கோடு எனக்கும் தெரியும், முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு தாண்டிக் கொல்லை வரை கண் இழுத்துக்கொண்டு போகும். எந்த வில்காரனுக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி எத்தனை கதவுகள்! எந்தக் கதவிலிருந்தும் அப்பத்தா முறத்தோடு குறுக்கே வரலாம். கல்தூணில் பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடைவதெல்லாம் அப்புறம். கொல்லையில், ஆள் வர வழியில்லாத சுவர்ப் பக்கம் வையுங்கள். சாக்கில் பழைய துணியை இறுக்கி அடைத்து, அதற்குப் பின்னால் ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கல்யாணத்துக்கு விரித்தது எப்படியும் உங்கள் வீட்டில் நாலைந்து இருக்கும். இழுத்துக் கட்டினால் அம்பு துளைத்துக்கொண்டு போகும், தொங்கவிட்டால் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பொட்டலுக்குப் போவதானால் ஊருணிப் பக்கம் வேண்டாம், எந்நேரமும் யாராவது வருவார்கள். சரளை மேட்டை நோக்கியும் எய்ய வேண்டாம், அம்பு உடையும், தெறிக்கும். மயில் மேய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில் கையில் இருந்தால் ‘ஒன்று விட்டுப்பாரேன்’ என்று சொல்ல ஒரு பயல் எங்கிருந்தாவது வந்துவிடுவான். மயிலைத் தொட்டால் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டும், 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. சட்டம் இல்லாவிட்டாலும் நான் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவேன்.

பர்மாத் தேக்கைத் தொடாதீர்கள். வில்லின் உயிர் நார் ஓட்டத்தில் இருக்கிறது. எய்கிறவரைப் பார்க்கும் பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். வெளிப்பக்கத்து நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால்தான் தாங்கும். இங்கிலாந்தில் யூ மரத்தைக் கொண்டாடியது இதனால்தான். அதன் உள்வைரம் நசுங்குவதைத் தாங்கும், வெளிமரம் இழுபடுவதைத் தாங்கும், ஒரே மரத்தில் இரண்டும் கிடைத்துவிட்டன. உங்கள் வில்லில் வெளிப்பக்கம் ஹிக்கரியை ஒட்டியிருப்பதும் அந்த வேலைக்குத்தான். உங்கள் தேக்குச் சட்டம் உத்தரத்துக்காக வாளால் நேராக அறுத்தது. மரத்தின் நார் எந்தப் பக்கம் போனது என்று அறுத்தவர் பார்த்திருக்க மாட்டார், பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அதை வளைத்தால் முகத்துக்கு நேராக உடையும். காரைக்குடி ஆசாரிமார் கைவேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்புக்குச்சி இழைத்துத் தரச் சொல்லலாம், அம்புப் பெட்டி செய்யச் சொல்லலாம். அத்தான் கொடுத்த வில்லை மட்டும் பளபளப்பாக்கித் தரச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் ஒரு சீவல் போனாலும் வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளையாது.

விற்பது பற்றி. ஆறு மாதம் கழித்து, சரியான அம்போடு, கைக்கு அடங்கிய பலத்தில் எய்துவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக விற்றுவிடுங்கள். கம்பவுண்டு ஒன்றும் கேவலமில்லை, உங்கள் நண்பர் செய்வதும் வித்தைதான். ஆனால் இப்போதைய நிலையில் விற்றால் இந்த வில்லை நீங்கள் ஒரு நாள்கூட எய்யாமலே விற்றதாகத்தான் அர்த்தம்.

அதுவரை வில்லைக் காப்பாற்ற வேண்டுமே. அம்பு இல்லாமல் இழுத்து விடாதீர்கள், பார்க்க வருகிறவர்கள் கையிலும் கொடுக்காதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய வேகம் மரத்துக்குள்ளேயே திரும்பி வில்லைப் பிளந்துவிடும். நம் சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் ஒட்டு விட்டுவிடும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றுங்கள். மூலையில் சாத்தாமல், இரண்டு ஆணியில் படுக்கவைப்பது நல்லது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் தளரும், அந்த நாட்களில் குறைவாக எய்யுங்கள். நாண் கழற்றிய வில் உங்கள் பக்கமாக ஒரு விரல்கடை வளைந்தே நின்றால் பதற வேண்டாம், பழகிய மர வில்லுக்கு அது வருவதுதான். மேல்கையும் கீழ்கையும் ஒரே அளவாக வளைந்திருக்கின்றனவா என்று மட்டும் தரையில் படுக்கவைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாக மடங்கியிருந்தாலோ, வெளிப்பக்கத்தில் நார் கிளம்பியிருந்தாலோ, எய்யாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.