காட்டேரி ராஜ்ஜியத்தின் கணக்குப்பிள்ளை

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுதோறும் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் விளையாட்டை ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். அதில் ரத்தக்காட்டேரி ஆளும் பரோவியா என்ற கற்பனை நாட்டை நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய பாரமகாலுக்கு மாற்றி, ராயக்கோட்டை மலையில் ராஜாவை உட்காரவைத்துச் சொந்தமாக ஒரு கேம்பெய்ன், பல வாரம் ஓடும் தொடர்கதை, எழுதுகிறேன். ராஜாவின் வரலாறு பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது, இணைத்துள்ளேன். பூண்டு, சிலுவை, ஓடும் தண்ணீர் என்ற பலவீனங்களை அப்படியே வைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பூண்டை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு பூண்டு ரசம் வைக்கிற ஊரில் உங்கள் ராஜா ஒரு வாரம் தாங்கமாட்டான். சிலுவையை உங்கள் நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓடும் தண்ணீர் இருக்கட்டும். தென்பெண்ணை வற்றினால் அவன் அக்கரைக்கும் வருவான் என்று வைத்தால் கோடைக்கே ஒரு பயம் வந்துவிடும்.

பன்னிரண்டு பக்கத்தையும் படித்தேன். தம்பியைக் கொன்றது, தம்பிக்கு நிச்சயித்த பெண் மேல் ஆசை, சாவோடு ஒப்பந்தம் எல்லாம் இந்த விளையாட்டுக்காக 1983இல் வந்த ராவன்லாஃப்ட் கதையில் பரோவியாவின் காட்டேரி ஸ்ட்ராடுக்கு நடந்ததுதான். தலைப்பாகை மட்டும் புதிது. அது போகட்டும். ஒரு குடியானவனுக்குக்கூடப் பெயர் இல்லையே, ஏன்? குடிக்கிறவனுக்கு வம்சாவளி, கொடுக்கிறவன் வெறும் 'கிராமவாசி 1, கிராமவாசி 2'. நன்றாயிருக்கிறது உங்கள் நியாயம்!

ராஜ்ஜியம் என்கிறீர்கள். கண்டபடி குடித்தால் ஆறு மாதத்தில் குடிகள் தீர்ந்துபோவார்கள். எந்த வீட்டில் எத்தனை தலை, யார் சீக்கு, யார் பிள்ளைத்தாய்ச்சி, இந்த வருஷம் யாருக்குத் தள்ளுபடி என்று அவனுக்குக் கணக்கு வேண்டும். 1792இல் பாரமகால் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தபிறகு கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த மன்றோவும் இங்கே மெனக்கெட்டது இதற்குத்தான்: நிலத்தை அளந்து ஆளுக்கு ஆள் தீர்வை எழுத. கோட்டையைப் பிடிக்கப் பட்டாளம் போதும். குடியானவன் வாசலுக்கு வர உள்ளூர்க்காரன் ஒருவன் வேண்டும்.

என் தாத்தா பாலக்கோடு பக்கம் கணக்குப்பிள்ளை, ஊர் நிலக்கணக்கு எழுதுகிறவர். 1980இல் அரசு அந்தப் பரம்பரை வேலையை ஒழிக்கும்வரை பார்த்தார். யார் நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், ராகி புடைக்கிற பெண்கள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். முகத்தில் ஈயாடாது. ஆனாலும் "வாங்க சாமி, உள்ள வாங்க" என்று சொல்லாத வீடு கிடையாது. காய்ந்த கொள்ளுப் பயிரை அவர் 'சாவி', விளையாமல் போனது, என்று எழுதினால்தானே தீர்வை குறையும்? ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி உதடெல்லாம் கறையாகியிருக்கும். அந்தக் கறையோடு என்னை முத்தமிடுவார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்தப் பெண்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது என்று உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. பூண்டைக் கேட்டீர்கள், இதைக் கேட்கவில்லை. வாசலில் நிற்பவரை வாங்க என்று சொல்லாமல் விடுவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய அவமரியாதை! கணக்குப்பிள்ளைக்குப் பின்னால் புது ஆள் ஒருவர் நின்றால், அவரை மட்டும் விலக்கிவிட்டு யார் கூப்பிடுவார்கள்?

அதனால் முதல் ஞாயிறே ராயக்கோட்டை ஏறவேண்டாம். ஒரு வீடு, ஒரு கிழவி, வாசலில் நோட்டோடு ஒருவர், பின்னால் இன்னொருவர். உங்கள் நண்பர்கள் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள். டைஸ் உருட்டச் சொல்லாதீர்கள், யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், அந்தக் கிழவிக்காவது ஒரு பெயர் வையுங்கள்.