கப்பல் வருவதற்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தலைமுறையில்தான் நாங்கள் கிறிஸ்தவர்களானோம். அப்பாயி கடைசிவரை மாறவில்லை. நடவுக்கு முதல் நாற்று முடியைக் கையில் எடுத்ததும் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்கும். வீட்டுக்கு வந்தவர் யாரையும் சாப்பிடாமல் அனுப்பாது.

போன மாதம் எங்கள் சபைக்கு வந்த ஒரு பிரசங்கியார், "சுவிசேஷம் வரும்வரை இந்த மண்ணில் முழு இருட்டு. கடவுள் இங்கே கப்பலில்தான் வந்தார்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்படியானால் அப்பாயி கும்பிட்டது யாரை? கடவுள் எல்லா ஜனங்களுக்கும் தம்மைக் காட்டியிருக்கிறார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கைதானா, அல்லது மனதைத் தேற்றிக்கொள்ள நாம் சொல்லிக்கொள்வதா? சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எல்லாருக்கும் காட்டிவிட்டார் என்றால் கிறிஸ்து எதற்கு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வருகிற அறுப்பின் பண்டிகையில் நான் பேச வேண்டும். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

எஸ்., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

அது கிறிஸ்தவ நம்பிக்கைதான். பின்னால் வந்தவர்கள் இரக்கப்பட்டுச் சேர்த்த சமாதானமும் இல்லை, சபையின் முதல் தலைமுறைப் பிரசங்கத்திலேயே இருப்பது. அந்தப் பிரசங்கியார் சொன்னதற்குத்தான் வேதத்தில் ஆதாரம் தேட வேண்டியிருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்குப் பேசப் போகிறீர்கள் என்பதால் அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பவுலும் பர்னபாவும் லீஸ்திராவுக்கு வருகிறார்கள். இன்றைய துருக்கியில் இருந்த உள்நாட்டு ஊர் அது. பிறந்ததிலிருந்து நடந்தறியாத ஒருவர் எழுந்து நடக்கிறார். அதைப் பார்த்த ஜனங்கள், தேவர்களே மனித ரூபத்தில் இறங்கிவிட்டார்கள் என்று தங்கள் சொந்த மொழியில் கூவுகிறார்கள். பர்னபாவை யூப்பித்தர் என்கிறார்கள், பவுலை மெர்க்கூரி என்கிறார்கள். கோவில் பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறார். இருவரும் துணியைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள்.

அங்கே பவுல் பேசியதைக் கவனியுங்கள். முந்தைய அதிகாரத்தில், யூதர்களின் ஜெப ஆலயத்தில், எகிப்திலிருந்து தாவீது வரைக்கும் வரலாறு சொன்னவர் அவர். லீஸ்திராவில் அதில் ஒரு வரியும் இல்லை. அந்த ஜனங்களுக்கு மோசேயும் தெரியாது, தாவீதும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது மழை. கடவுள் சென்ற காலங்களில் எல்லா ஜனங்களையும் அவரவர் வழியில் நடக்க விட்டிருந்தாலும், வானத்திலிருந்து மழையையும் செழிப்பான காலங்களையும் கொடுத்து, ஆகாரத்தாலும் சந்தோஷத்தாலும் இருதயங்களை நிரப்பிவந்தார் என்கிறார். அப்படி அவர் "தம்மைக்குறித்துச் சாட்சி விளங்கப்பண்ணாதிருந்ததில்லை" என்று முடிக்கிறார். ஆகாரத்தோடு நிறுத்தாமல் சந்தோஷத்தையும் சேர்த்துச் சொன்னாரே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவர் சொல்வது தன் கால் அந்த ஊரில் படுவதற்கு முந்தைய காலத்தைப் பற்றி. பவுலின் வாய்ச்சொல்லின்படியே கடவுள் லீஸ்திராவில் பவுலுக்கு முன்னாலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். லீஸ்திராவுக்கு இது உண்மையென்றால் மன்னார்குடிக்கும் உண்மைதான். ஜூன் 12 வந்தால் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா, சம்பாவுக்கு ஐப்பசி மழை கைகொடுக்குமா என்று தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்த ஜனங்கள் நாம். இந்தச் சாட்சி நமக்குப் புரியாமல் இருந்திருக்க முடியாது. நாற்று முடியோடு உங்கள் அப்பாயி போட்ட கும்பிடு அந்தச் சாட்சிக்குச் சொன்ன பதில் என்றே நான் நம்புகிறேன்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் பாதியைத்தான் சொன்னவனாவேன். அதே பேச்சில், வீணானவைகளை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் திரும்புங்கள் என்றும் பவுல் சொல்கிறார். எருதையும் மாலையையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கடவுள் எல்லாருக்கும் தம்மைக் காட்டியிருக்கிறார் என்பதும், எல்லாரும் செய்வதெல்லாம் சரி என்பதும் வேறுவேறு. ரோமருக்கு எழுதிய நிருபம் இன்னும் கடுமையாகவே பேசும். காணமுடியாத கடவுளின் வல்லமை படைப்பில் தெளிவாகத் தெரிகிறது, ஆகவே மனிதர் போக்குச் சொல்ல இடமில்லை என்கிறது முதல் அதிகாரம். நம் பிரசங்கியார்கள் பலர் அங்கேயே வேதத்தை மூடிவிடுவார்கள். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பவுல் திரும்பி, மற்றவரைக் குற்றவாளியென்று தீர்க்கிறவனே, உனக்கும் போக்குச் சொல்ல இடமில்லை என்கிறார். அப்புறம் 14, 15 வசனங்களில், வேதப்பிரமாணம் கையில் இல்லாத ஜனங்களும் அதன்படி நடக்கும்போது அது அவர்கள் இருதயத்தில் எழுதப்பட்டிருப்பதைக் காட்டுகிறார்கள் என்கிறார். வருகிறவருக்கெல்லாம் சோறு போட்ட உங்கள் அப்பாயிக்கு யாரும் அந்தப் பிரமாணத்தை வாசித்துக் காட்டியதில்லை.

பெரியவர் கேட்டது நல்ல கேள்வி. கிறிஸ்து எதற்கு? மழை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று மழை சொல்லும். அவர் மீனவர்களின் காலைக் கழுவக் குனிவார் என்று மழை சொல்லாது. ஆணியடித்தவர்களை மன்னிப்பார் என்றும் சொல்லாது. நல்லவன் வயலிலும் பெய்கிறது, கெட்டவன் வயலிலும் பெய்கிறது. சில வருஷம் பெய்யவே மாட்டேனென்கிறது, சில வருஷம் புயலாக வந்து கதிரோடு சாய்த்துவிட்டுப் போகிறது. அதை மட்டும் வைத்துக் கடவுளின் மனதை யாரால் படிக்க முடியும்? கிறிஸ்தவன் சொல்வது இதுதான்: எல்லா ஜனங்களுக்கும் சாட்சி கொடுத்துக்கொண்டிருந்தவரே ஒருநாள் மனிதராக வந்து தம் முகத்தைக் காட்டினார். யோவான் சுவிசேஷம் முதல் அதிகாரத்தில், எந்த மனிதரையும் பிரகாசிப்பிக்கிற மெய்யான ஒளி என்று யாரைச் சொல்கிறதோ, 'வார்த்தை' என்று அது அழைக்கும் அவர்தான் மாம்சமானார் என்றும் சொல்கிறது. இரண்டு கடவுள் இல்லை. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி இதைப் பிடித்துக்கொண்டு, அந்த வார்த்தையின் விதை எல்லா மனிதரிலும் விதைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார்.

சரி, கப்பலுக்கு வருவோம். பிரசங்கியார் எந்தக் கப்பலை நினைத்தாரோ, நான் தரங்கம்பாடிக் கப்பலை எடுத்துக்கொள்கிறேன். 1706 ஜூலை 9-ஆம் தேதி, டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் அதில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது இன்னும் இருபத்து நாலு வயது நிறையவில்லை. ஐரோப்பாவில் பலரைப் போல அவரும் இங்குள்ளவர்களை நாகரிகமில்லாதவர்கள் என்றே எண்ணி வந்தார். அவரை மாற்றியது எது? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். ஊர் ஊராக ஆள் அனுப்பி ஓலைச்சுவடி சேர்த்தார். இரண்டே வருஷத்தில், 1708-இல், தான் படித்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். படித்த பிறகு, தன் முந்தைய எண்ணம் தவறு என்று அவரே எழுதிவைத்தார்.

அப்புறம் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். 1712 முதல் 1714 வரை, தமிழர்களிடம் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, அவர்களையே கடிதமாகப் பதில் எழுதச் சொன்னார். நீங்கள் கடவுளைப் பற்றி என்ன நம்புகிறீர்கள், எங்கள் மார்க்கத்தை ஏன் ஏற்கவில்லை என்றெல்லாம் கேட்டார். கிறிஸ்தவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிப் பதில்களில் கூச்சமில்லாமல் எழுதினார்கள். அதையும் மொழிபெயர்த்து ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார், அங்கே அச்சிட்டார்கள். போதிக்க வந்தவர் கேட்டார், எழுதிக்கொண்டார், தன் மேல் விழுந்த குற்றச்சாட்டையும் சேர்த்தே அனுப்பினார். இங்கே கேட்பதற்கு எதுவுமில்லை என்று நினைக்கிறவர் அதைச் செய்யமாட்டார்.

1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இந்த ஜனங்கள் இயற்கையின் ஒளியாலேயே கடவுள் ஒருவர் என்று அறிந்திருக்கிறார்கள் என்பது அதன் தொடக்கத்திலேயே வருகிறது. உருவ வழிபாட்டை அவர் கண்டித்தார், அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆனால் கடவுள் இந்த மண்ணில் தன்னோடுதான் வந்து இறங்கினார் என்று அவர் எழுதவில்லை. ஹாலேயில் இருந்த அவருடைய ஆசிரியர் ஃபிராங்கேவுக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. கையெழுத்துப் பிரதி ஹாலேயிலேயே கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருஷம்! உங்கள் சபைக்கு வந்தவர் பேசியது ஃபிராங்கேயின் பக்கத்துப் பேச்சு. அவருக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது. அது ஒன்றுதான் பரம்பரை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சீகன்பால்க் வந்து இறங்கிய இடத்தையும் யோசியுங்கள். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் சோழநாட்டில் மட்டும் காவிரிக்கு வடகரையில் 63, தென்கரையில் 127. தரங்கம்பாடியிலிருந்து மேற்கே போனால், கும்பகோணத்துக்குப் போகும் வழியில் திருவாவடுதுறை. திருமூலரின் ஊராகச் சொல்லப்படுவது. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற வரி கப்பலுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. பவுல் ஏதென்ஸில் நின்று, 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற கிரேக்கக் கவிஞரின் வரியைத் தன் பிரசங்கத்துக்குள் எடுத்துக்கொண்டார். காவிரிக்கரைக்கு வந்திருந்தால் எந்த வரியை எடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, இந்த நம்பிக்கைக்குள் இருக்கிற ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 1934-இல் இறையியலாளர் கார்ல் பார்த், இயற்கை வழியாகக் கடவுளை அறிவதைப் பற்றி எழுதிய எமில் புருன்னருக்கு 'இல்லை!' என்றே தலைப்பிட்டு மறுப்பு எழுதினார். பலர் அதைப் பிடிவாதம் என்பார்கள். ஆனால் அந்த வருஷத்தில் ஜெர்மானியச் சபைகளில் ஒரு பெருங்கூட்டம், எங்கள் இனத்திலும் இரத்தத்திலும் தலைவன் ஹிட்லரிலும் கடவுள் வெளிப்படுகிறார் என்று பேசிக்கொண்டிருந்தது. பார்த் எதற்குப் பயந்தார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய தஞ்சை மாவட்டத்துக்காரரான நமக்கு ஜெர்மனி வரை போக வேண்டாம். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி ராத்திரி, கீழ்வெண்மணியில், கூலி கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். எரித்தவர்களின் வயலிலும் அதே மழைதான் பெய்தது. சபைகளும் தப்ப முடியாது. கோவிலுக்குள்ளேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து திருவிருந்து வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. எத்தனையோ அருமையான பாட்டுகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அந்த வழக்கத்துக்கு ஆதரவாக வாதாடினார். வேதப்புத்தகம் கையில் இருந்தும் அப்படித்தான் இருந்தோம். ஆகவே, எல்லா ஜனங்களிடமும் சாட்சி உண்டு என்னும்போது, எந்த ஜனத்தின் வழக்கமும் தானாகவே பரிசுத்தமாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வழக்கத்தை விசாரிப்பதற்கும் அந்தச் சாட்சிதான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கத்தோலிக்க சபை 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், பிற சமயங்களில் உண்மையும் பரிசுத்தமுமாக இருக்கிற எதையும் தான் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அதற்கு எண்பத்தேழு வருஷம் முன்பே, 1878-இல், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை என்ற கத்தோலிக்கர் சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார், எல்லாச் சமயத்தாரும் பாடலாம் என்று. திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரோடு நெருங்கிப் பழகினார், அவரைப் பற்றிப் பாடியும் இருக்கிறார். அதனால் அவருடைய விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

உங்கள் அப்பாயி இப்போது எங்கே இருக்கிறார் என்று நான் தீர்ப்பு எழுதமாட்டேன். அந்த நாற்காலி எனக்குக் கொடுக்கப்படவில்லை, பிரசங்கியாருக்கும் கொடுக்கப்படவில்லை. சோதோமுக்காகப் பேசிய ஆபிரகாம் கடவுளிடமே கேட்டார்: "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?" அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நானும் தூங்கியிருக்கிறேன், நீங்களும் தூங்கலாம்.

பண்டிகைக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் நெல் மூட்டை, வாழைத்தார், பூசணிக்காய், கரும்பு, காலைக் கட்டிப்போட்ட கோழி எல்லாம் இருக்கும். ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தால் தெருவே வந்து நிற்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் விலை கேட்பார்கள், சிலர் தங்கள் வயலின் முதல் மரக்கால் நெல்லைக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன். அந்த நெல்லை வாங்கி வைக்கும்போதே, இதைக் கொடுத்தவருக்கும் கடவுள் சாட்சி வைத்திருந்தார் என்பதைச் சபை ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதை வாய் திறந்து சொல்லுங்கள், அவர்கள் காதில் விழும்படியாக. ஏலத்துக்கு முன்னால் பேச நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒன்றை விட்டு நடபடிகள் 14-ஐ 8-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். 17-இல் நிறுத்திவிடாதீர்கள். 19-ஆம் வசனத்தில் அதே லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டானென்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடுகிறார்கள். 20-இல் அவர் எழுந்து திரும்பவும் அந்த ஊருக்குள்ளேயே போகிறார். இங்கே கடவுள் இல்லை என்று அவர் நினைத்திருந்தால் போயிருப்பாரா என்று பெரியவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.