ஒழுகும் பை – கடிதமும் பதிலும்

வணக்கம். நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம், புதுக்குடியிருப்பு. அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஒப்பரேசன் முடிந்து மூன்று மாதம், வயிற்றில் மலம் போகும் பை. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள், குளிசையும் உண்டு. குளிர்தண்ணீர் பட்டால் விரல் விறைக்கிறதாம். பை ஒழுகுவதால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். கோயிலுக்கும் போவதில்லை. வயலை விற்றுச் சென்னைக்குக் கொண்டுபோவோமா என்று அண்ணா கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

வயலை விற்க அவசரப்படாதீர்கள். முதலில் தெல்லிப்பழை டொக்டரிடம் கேளுங்கள். விறைப்பைப் பார்த்தால் ஏற்றுவது ஒக்சாலிபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தாக இருக்கவேண்டும். சென்னையிலும் இந்த வருத்தத்துக்கு அதைத்தான் ஏற்றுகிறார்கள். ஐஸ் வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீர் கொடுங்கள். விறைப்புக் கூடிச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கொஞ்ச நாளாகவே இதை எழுத நினைத்திருந்தேன். பை ஒழுகுதென்று ஒரு மனிதர் பட்டினி கிடக்க, நீங்கள் வயலுக்கு விலை பேசுகிறீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். காசு கரைவது பஸ்ஸிலும், கூட வருபவரின் நாட்கூலியிலும், பாமசியில் வாங்கும் பையிலும். பையைத் தோலோடு ஒட்டும் தகடு மூன்று நான்கு நாள் இருக்கவேண்டியது, ஒழுகினால் தினமும் குப்பைக்குப் போகும். தோல் புண்ணாகும், புண்ணில் அடுத்த தகடு ஒட்டாது. அவர் சாப்பாட்டைக் குறைப்பார், நிறை இறங்கும், உடம்பு தாங்காதென்று மருந்தைத் தள்ளிவைப்பார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் போய் வெறுங்கையோடு திரும்புவீர்கள். பட்டினியால் ஒழுகலும் நிற்காது; வெறுங்குடலில் காற்றுத்தான் கூடும், பை ஊதும்.

இன்றைக்கே தகட்டில் வெட்டும் ஓட்டையை அளந்து பாருங்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு குடல்வாய், அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல் முனை, வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் சுருங்கும். வார்டில் வெட்டிய அளவிலேயே இப்போதும் வெட்டினால் சுற்றுத்தோலில் மலம் நின்று பசையைக் கரைக்கும். ஓட்டை குடல்வாயைவிட 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான் பெரிதாக இருக்கலாம். வெறுந்தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய், பவுடர், டெற்றோல் ஒன்றும் வேண்டாம். எண்ணெய்த் தோலில் தகடு நிற்காது. தகட்டை உள்ளங்கைகளுக்கிடையில் சூடாக்கி ஒட்டி, ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெறுமையாக்குங்கள். விட்டால் பாரமே தகட்டைக் கழற்றும். சாரத்தைத் தகட்டின்மீதே இறுக்கிக் கட்டுகிறாரா என்று பாருங்கள். அப்படிக் கட்டினால் மலம் கீழிறங்காமல் மேலேயே தேங்கித் தகட்டைக் கிளப்பும். தகடு ஒட்டிய இடம் எரிந்தாலோ கடித்தாலோ அந்த நேரமே மாற்றவேண்டும், பையை மிச்சம்பிடிக்கிறேன் என்று விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது. புதிய பைகளைத் தகரக் கூரைக்குக் கீழே அடுக்காதீர்கள், வெக்கையில் பசை கெடும். குடல்வாய் சிவப்பாக, ஈரமாக இருப்பது நல்லது. கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

இவ்வளவும் செய்தும் ஒழுகினால் பையோடு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் தாதியிடம் திறந்து காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவருக்கு எவராலும் உதவ முடியாது. கோயிலுக்கு அவர் தாராளமாகப் போகலாம். புறப்படமுன் வெறுமையாக்கினால் போதும்.

அண்ணாவுக்கும் வேலை இருக்கிறது. மருந்து ஏற்றுமுன் செய்யும் இரத்தப் பரிசோதனையை முல்லைத்தீவிலேயே செய்து, முடிவை வார்டுக்குப் போனில் சொல்லலாமா என்று கேட்கட்டும். ஒரு வீண் பயணம் மிச்சமாகும். பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றியும் விசாரிக்கட்டும். வயல் பேச்சு அதற்குப் பிறகு.